காஸ்ட்லியான அகூஸ்டிக் கிட்டார் எடுக்குறப்போ நான் எதைக் கேக்குறேன்

ஒரு லெவலுக்கு மேல போயிட்டா கிட்டார்ல எது நல்லதுங்கற கேள்வி அவ்வளவா உதவாது. ஆரம்ப ரேஞ்சுல அது நியாயமான கேள்விதான், டாப் (பெட்டியோட முன்பக்கப் பலகை) பிளைவுட்டா சாலிட் மரமா, ஃப்ரெட்டோட ஓரம் கையைக் கிழிக்குதா, 12ஆவது ஃப்ரெட்ல சுருதி சேருதா விலகுதான்னு அங்க சரி தப்பு சொல்றதுக்கு நெறைய விஷயம் இருக்கு. ஆனா காலிங்ஸ், சாண்டா க்ரூஸ், டேனா பூர்ஷ்வா, லோடன், மார்ட்டினோட மேல் வரிசை மாடல்னு போக ஆரம்பிச்சிட்டா எல்லாமே முழு சாலிட் மரம், எல்லாமே பார்த்துப் பார்த்து இழைச்சது, எதை எடுத்தாலும் பெருசா குறை சொல்ல முடியாது, அப்புறமும் ஒண்ணை வாசிச்சா கீழ வைக்க மனசு வராது, இன்னொண்ணை ரெண்டு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடுவோம். அதுக்குக் காரணம் நம்ம ருசிதான். அந்த ருசி என்னன்னு கடைக்குப் போறதுக்கு முன்னாடியே ஓரளவு தெரிஞ்சிக்கலாம், மரத்தோட பேரையெல்லாம் மனப்பாடம் பண்றது அதுல கொஞ்சம்தான் உதவும்.

என்னைக் கேட்டா முதல்ல முடிவு பண்ண வேண்டியது ஒரே விஷயம்: மீட்டின சுரம் எவ்ளோ நேரம் நிக்கணும், எப்படி அடங்கணும். நெறைய பேர் சுரம் கிளம்புற அந்த முதல் நொடியைத்தான் கேக்குறாங்க, சத்தமா இருக்கா, பளிச்சுனு இருக்கா, பேஸ் நெஞ்சுல வந்து இடிக்குதான்னு. எனக்கு அதுக்கு அடுத்து வர்ற ரெண்டு மூணு செகண்டுதான் முக்கியம். சில கிட்டார்ல மூல சுரம் தூக்கலா வரும், அது கூடவே மேல ஒலிக்கிற துணை சுரங்கள், அதாவது ஓவர்டோன், கம்மி, சட்டுனு பேசிட்டு சட்டுனு அடங்கிடும், இதைத்தான் ட்ரையா இருக்குன்னு சொல்வாங்க. சில கிட்டார்ல ஒவ்வொரு சுரத்துக்கும் மேல ஓவர்டோன் அடுக்கடுக்கா கெளம்பும், கார்வை நீளமா போகும், ஒரு கார்டு அடிச்சிட்டு காஃபி குடிச்சிட்டு வரலாம் போல இருக்கும். இது ரெண்டுல எந்தப் பக்கம் உங்க காது சாயுதுன்னு தெரிஞ்சிட்டா தேட வேண்டிய கிட்டார்ல பாதி தானா கழிஞ்சிடும்.

நான் ட்ரை பக்கம். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்கு மேல நான் சொல்றது எல்லாத்துலயும் அந்தச் சாய்வு இருக்கும்.

ஷோரூம்ல எப்பவுமே ஓவர்டோன் நெறைஞ்ச ரிச் டோன்தான் ஜெயிக்கும், இதுதான் பெரிய சிக்கல். புது ஸ்ட்ரிங் போட்ட ரோஸ்வுட் ட்ரெட்னாட்டை (பெரிய பெட்டி கிட்டார்) மடியில வச்சு ஒரு ஈ மைனர் அடிச்சுப் பாருங்க, யாரா இருந்தாலும் மயங்கிடுவாங்க. ஆனா அங்க வாசிக்கிறது என்ன, ஓப்பன் கார்டு நாலு, தெரிஞ்ச ஒரு ரிஃப், அவ்ளோதானே. அதே கிட்டாரை வீட்டுக்குக் கொண்டுவந்து அது மேல பாட ஆரம்பிச்சா குரல் நிக்க வேண்டிய எடத்துல எல்லாம் கிட்டாரோட ஓவர்டோன் வந்து உக்காந்திருக்கும். வேகமா கார்டு மாறுற பாட்டுல போன கார்டு இன்னும் அடங்காம இருக்கும்போதே அடுத்த கார்டு வந்துடும், எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற கல்யாண வீடு மாதிரி ஆயிடும். ரெக்கார்டிங்ல இன்னும் மோசம், 100 ஹெர்ட்ஸ்லேர்ந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும் இருக்குற அந்த வீக்கத்தை மிக்ஸ் பண்றவர் முதல் வேலையா வெட்டி எறிவார். காசு குடுத்து வாங்கின பேஸ் அங்கயே போச்சு.

அந்த வீக்கத்துக்கு ஒரு காரணம் பெட்டிக்குள்ள இருக்குற காத்து. ட்ரெட்னாட் சைஸ் பாடிக்குள்ள காத்து அதிர்ற இயல்பான அதிர்வெண் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், ஆறாவது ஸ்ட்ரிங்ல மூணாவது ஃப்ரெட்ல இருக்குற ஜி 98 ஹெர்ட்ஸ், அஞ்சாவது ஸ்ட்ரிங் ஓப்பன் ஏ 110. அதனால சில கிட்டார்ல அந்த எடத்துல ஒரு சுரம் மட்டும் பூம்னு பொங்கும், பக்கத்து சுரம் சாதாரணமா இருக்கும். ஆறாவது ஸ்ட்ரிங்ல ஓப்பன்லேர்ந்து அஞ்சாவது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொரு ஃப்ரெட்டா ஒரே அழுத்தத்துல வாசிச்சுப் பார்த்தா உடனே காட்டிக் குடுத்துடும், வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா பண்ணிப் பாருங்க.

டாப் மரத்துக்கு வருவோம், டோன்ல மரத்தோட பங்கு அதிகமா இருக்குறது இங்கதான். சிட்கா ஸ்ப்ரூஸ் எல்லாத்துக்கும் பொதுவானது, மெதுவா வாசிச்சாலும் கேக்கும், அடிச்சு வாசிச்சாலும் தாங்கும். அடிரோண்டாக், அதாவது ரெட் ஸ்ப்ரூஸ், இரண்டாம் உலகப்போருக்கு முந்தின மார்ட்டின்ல எல்லாம் இருந்த மரம், 1940கள் நடுவுல நல்ல மரம் கெடைக்காம சிட்காவுக்கு மாறினாங்க. அதோட விசேஷம் என்னன்னா எவ்ளோ பலமா அடிச்சாலும் சத்தம் கூடிக்கிட்டே போகும், சுரம் நசுங்காது. ஆனா மெல்ல விரலால வருடுறவங்களுக்கு அது கொஞ்சம் மொறைப்பா, உம்முனு இருக்குற மாதிரி தெரியும், அது பேசறதுக்கு நம்ம கொஞ்சம் வேலை செய்யணும். சீடர் இதுக்கு நேரெதிர், தொட்டாலே பேசும், விரலோட சதை பட்டாலே போதும், ஆனா பிக் (ஸ்ட்ரிங்கை மீட்டுற சின்னத் துண்டு) வச்சு வேகமா அடிச்சா ஒரு எடத்துக்கு மேல சத்தம் ஏறாது, கலங்க ஆரம்பிச்சிடும். எங்கெல்மன் இது ரெண்டுக்கும் நடுவுல, கொஞ்சம் மென்மை. பாடகர் ஜேம்ஸ் டெய்லர் ரொம்ப வருஷமா வாசிக்கிற, ஜேம்ஸ் ஓல்சன் செஞ்ச கிட்டார் சீடர் டாப், ரோஸ்வுட் பாடி, அவர் விரல்ல வாசிக்கிற விதத்துக்கு அது அவ்ளோ பொருத்தம், அதையே பிக் வச்சு வேகமா வாசிக்கிற ஒரு ப்ளூகிராஸ் ஆள் கையில குடுத்தா அரை மணி நேரத்துல திருப்பிக் குடுத்துடுவார்.

ஆக டாப்பைத் தேர்ந்தெடுக்கறது உங்க வலது கைதான். நீங்க எவ்ளோ பலமா வாசிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியாம இருக்கலாம். ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி, உங்க மெல்லிசான வாசிப்புக்கும் பலமான வாசிப்புக்கும் எவ்ளோ தூரம்னு கேட்டுப் பாருங்க.

இப்ப பேக், சைடு, அதாவது பெட்டியோட முதுகும் பக்கமும். இங்கதான் சண்டையே.

ரோஸ்வுட்னா ஆழம், மஹோகனின்னா ட்ரை, மேப்பிள்னா தெளிவு, கோவான்னா இனிப்புன்னு ஒரு பாட்டு எல்லாரும் பாடுவாங்க, நானும் பாடியிருக்கேன். 2018ல லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் சேர்ந்து ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஃபைல்ட் கிட்டார்ஸ் கம்பெனியோட ரோஜர் பக்னால் ஆறு கிட்டார் செஞ்சு குடுத்தார், எல்லாம் ஒரே டிசைன், பேக்கும் சைடும் மட்டும் வேற வேற: பிரேசிலியன் ரோஸ்வுட், இந்தியன் ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சபீலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களை அரை இருட்டு ரூம்ல, வெல்டிங் பண்றவங்க போடற கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்க வச்சாங்க. ஆறுக்கும் கெடைச்ச மார்க் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எது எதுன்னு பிரிச்சு சொல்றதும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. விலை ஒசந்த மரத்துக்கு எந்தத் தனி மரியாதையும் கெடைக்கல.

இது புதுசும் கிடையாது. 1862லேயே ஸ்பெயின்ல கிட்டார் செஞ்ச அந்தோனியோ டி டோரஸ் பேக்கையும் சைடையும் காகிதக்கூழ் அட்டையில செஞ்சு, டாப்தான் எல்லாம்னு காட்டினார், அந்த கிட்டார் இன்னும் பார்சிலோனா மியூசியத்துல இருக்கு. 1995ல டெய்லர் கிட்டார் கம்பெனியோட பாப் டெய்லர் சரக்கு ஏத்துற பேலட் பலகையை எடுத்து இழைச்சு ஒரு கிட்டார் செஞ்சார், ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் வெளிய தெரியுற மாதிரியே.

அப்ப மஹோகனி ட்ரைன்னு நான் சொல்றது பொய்யான்னு கேட்டா, முழுப் பொய்யும் இல்ல. ஆராய்ச்சியில எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு மரத்தை மட்டும் மாத்தினாங்க. ஆனா பட்டறையில யாரும் அப்படி செய்யறதில்ல, கையில இருக்குற பலகையைத் தட்டிப் பார்த்து, வளைச்சுப் பார்த்து, அதுக்கேத்த மாதிரி கனத்தையும் பிரேசிங்கையும் (பலகைக்கு உள்பக்கம் ஒட்டுற தாங்கு கட்டைங்க) மாத்துவாங்க. அதனால மஹோகனி மாடலுக்குன்னு ஒரு குணம், ரோஸ்வுட் மாடலுக்குன்னு ஒரு குணம் அந்தக் கம்பெனியோட பழக்கத்துலயே வந்து சேர்ந்திருக்கும். நான் பேரை வச்சு முடிவெடுக்காம எந்த மாடலா இருந்தாலும் கையில எடுத்துக் கேக்குறேன், பெரும்பாலும் மஹோகனி பக்கம்தான் போய் நிக்கிறேன், அதுல என் கண்ணும் கொஞ்சம் வேலை செய்யுதுன்னா செய்யட்டும்.

பிரேசிலியன் ரோஸ்வுட் பத்தி ஒரு வார்த்தை. 1969 கடைசியில மார்ட்டின் அதை விட்டுட்டு இந்தியன் ரோஸ்வுட்டுக்கு, அதான் நம்ம ஈட்டி மரத்துக்கு, மாறினாங்க. 1992லேர்ந்து பிரேசிலியன் சைட்டிஸ் (அழியுற நிலையில இருக்குற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) முதல் பட்டியல்ல இருக்கு, பேப்பர் இல்லாம எல்லை தாண்ட முடியாது. 2017ல மத்த ரோஸ்வுட் எல்லாத்தையும் ரெண்டாவது பட்டியல்ல போட்டாங்க, 2019ல செஞ்சு முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்துட்டாங்க, பிரேசிலியனுக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. பாக்க அழகு, வாசனை கூட நல்லா இருக்கும், வரலாறும் இருக்கு, அதுக்காக வாங்குறவங்க தாராளமா வாங்கட்டும். டோனுக்காகன்னு சொன்னா மட்டும் நான் அந்த வெல்டிங் கண்ணாடியை ஞாபகப்படுத்துவேன்.

என் அனுபவத்துல பிரேசிங் இதைவிட எவ்வளவோ பெரிய விஷயம், ஆனா கண்ணுக்குத் தெரியாத எடத்துல இருக்குறதால அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. லைட் கேஜ் (மெல்லிசான) ஸ்ட்ரிங் செட் போட்டா ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், அதைத் தாங்குறது 3 மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பலகை. பின்னாடி இருக்குற எக்ஸ் பிரேஸ்தான் அது பிஞ்சு வராம காப்பாத்துது, அதே பிரேஸ்தான் அந்தப் பலகையை எவ்ளோ ஆட விடலாம்னும் முடிவு பண்ணுது. நடுநடுவுல குழிச்சு செதுக்கின ஸ்காலப்டு பிரேஸ் போட்டா டாப் லேசாகும், பேஸ் தளதளன்னு வரும், தொட்டா உடனே பேசும். 1944ல மார்ட்டின் இந்தச் செதுக்கலை நிறுத்திட்டாங்க, ஏன்னா ஜனங்க கனமான ஸ்ட்ரிங் போட்டு டாப்பை வீங்க வச்சிட்டிருந்தாங்க. அப்புறம் 1976ல எச்டி 28 மாடல் மூலமா திரும்பக் கொண்டுவந்தாங்க. செதுக்காத நேர் பிரேஸ் போட்ட கிட்டார்ல பேஸ் அடக்கம், நடு சுரங்கள் முன்னாடி வந்து நிக்கும், மைக் முன்னாடி ரொம்ப ஒழுங்கா நடந்துக்கும். 1950, 60கள்ல வந்த ட்ரெட்னாட்டை போருக்கு முந்தினதோட ஒப்பிட்டு மட்டமா பேசுவாங்க, பாடுறவங்களுக்கு அதுதான் சௌகரியம்னு நான் நெனைக்கிறேன். 2018ல டெய்லர் கொண்டுவந்த வி கிளாஸ் பிரேசிங் சுத்தமா வேற வழி, கார்வையும் சுருதி சுத்தமும் சேர்ந்து வரணும்னு பண்ணது, நல்லா வேலையும் செய்யுது, எனக்குத்தான் அந்த நீளமான கார்வை தேவைப்படல.

சைஸ் பத்தி சுருக்கமா சொல்றேன். ட்ரெட்னாட் 1916ல டிட்சன் கம்பெனிக்காக மார்ட்டின் செஞ்சது, தன்னோட பேர்ல 1931ல கொண்டுவந்தாங்க, கூட்டத்துல கேக்கணும், பாட்டுக்கு ஸ்ட்ரம் பண்ணணும்னா இன்னைக்கும் அதுதான். இடுப்பு குறுகலான ஓஎம் (OM), ட்ரிபிள் ஓ (000) மாதிரி பாடியில ஸ்ட்ரிங்குகளுக்கு நடுவுல சமநிலை நல்லா இருக்கும், பேஸ் ஓடிப்போகாது. ரெண்டும் பாடி ஒண்ணுதான், ஓஎம் 25.4 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்), ட்ரிபிள் ஓ 24.9, அந்த அரை இன்ச் வித்தியாசத்துல ஸ்ட்ரிங் இழுவிசை குறைஞ்சு விரலுக்கு மெத்துனு ஆயிடும், டோனும் கொஞ்சம் உருண்டையா வரும். 1942ல வந்த கிப்சன் ஜே 45 இன்னும் குட்டை, 24.75 இன்ச், அதோட டோன்தான் நான் சொல்ற ட்ரைக்கு அசல் உதாரணம், தக்குனு ஒரு அடி, அப்புறம் வழி விட்டுடும், குரல் வந்து உக்காந்துக்கலாம். நட்டோட (கழுத்து நுனியில ஸ்ட்ரிங் உக்காருற கட்டை) அகலம் 43 மில்லிமீட்டரா 44.5 மில்லிமீட்டரான்னு பாருங்க, ஒண்ணரை மில்லிமீட்டர்தானேன்னு தோணும், விரல்ல வாசிக்கிறவங்க கேட்டா சிரிப்பாங்க.

கேக்குற முறை பத்தித்தான் கொஞ்சம் நிறுத்தி பேசணும். கிட்டார் சத்தம் முன்னாடி போகுது, நம்ம காது அதுக்குப் பின்னாடி மேல இருக்கு, அதனால வாசிக்கிறவருக்குக் கேக்குறதும் எதிர்ல உக்காந்திருக்கிறவருக்குக் கேக்குறதும் ரெண்டு வேற கிட்டார். கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, அவரை வாசிக்கச் சொல்லி ஆறடி தள்ளி நின்னு கேளுங்க. யாரும் இல்லன்னா செவுத்தைப் பார்த்து உக்காந்து வாசிங்க, திரும்பி வர்ற சத்தம் ஓரளவு உண்மையைச் சொல்லும். அப்புறம் யாருக்காக வாங்குறீங்கன்னு யோசிங்க, மேடைக்கா, ராத்திரி தனியா வாசிக்கவா. தனக்காக மட்டும் வாசிக்கிறவங்க எதிர்ல நின்னு கேட்டதுக்கு ரொம்ப முக்கியத்துவம் குடுக்க வேண்டியதில்ல.

ஸ்ட்ரிங் என்ன போட்டிருக்கு, எப்ப போட்டதுன்னு கேக்காம எந்தக் கிட்டாரையும் எடைபோடக் கூடாது. 80/20 ப்ரான்ஸ்னா 80 பங்கு செம்பு 20 பங்கு துத்தநாகம், பளிச்சுனு கிளம்பும், சீக்கிரம் மங்கிடும். பாஸ்ஃபர் ப்ரான்ஸ் 1974ல டடாரியோ கொண்டுவந்தது, கொஞ்சம் கதகதப்பு, கொஞ்சம் நாள் நிக்கும். செத்துப்போன ஸ்ட்ரிங் போட்ட நல்ல கிட்டார் ட்ரையா இருக்குற மாதிரி ஏமாத்தும், என்னை மாதிரி ஆளுங்க இதுல ஜாக்கிரதையா இருக்கணும். பிக்கையும் மறந்துடாதீங்க, மெல்லிசான பிக்ல சலசலன்னு கேட்ட அதே கிட்டார் ஒண்ணரை மில்லிமீட்டர் பிக்ல வேற ஆளா மாறி நிக்கும். அதனால உங்க சொந்த பிக்கைக் கையோட கொண்டு போங்க.

நான் கையில எடுத்ததும் முதல் ஸ்ட்ரிங்கைத்தான் தொடுவேன், ஓப்பன்லேர்ந்து 12ஆவது ஃப்ரெட் வரைக்கும் தனித்தனியா. பேஸ் வர்றது பெரிய வித்தை இல்ல, அந்த மெல்லிசான ஸ்ட்ரிங் மேல போகப் போக கம்பி தட்டின மாதிரி டிங்குனு சுருங்காம உடம்போட நிக்குதா, அங்கதான் கிட்டார் செஞ்சவரோட கை தெரியும். அப்புறம் ரெண்டாவது ஸ்ட்ரிங்ல ஏழாவது ஃப்ரெட் பக்கமா ஒரு மெதுவான மெட்டு. அப்புறம் ஒரே ஒரு ஜி கார்டு அடிச்சிட்டு கையை எடுத்துட்டு அது முழுசா அடங்குற வரைக்கும் சும்மா இருப்பேன், எந்த சுரம் முதல்ல போகுது, எது கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருக்குன்னு. கடைசியா வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பாடிக்கிட்டு வாசிப்பேன், என் குரல் எனக்கே சுலபமாக் கேட்டா அந்தக் கிட்டார் லிஸ்ட்ல இருக்கும், நான் குரலை ஒசத்த வேண்டி வந்தா இல்ல.

பழகப் பழகத் திறந்துடும்னு விக்கிறவங்க சொல்வாங்க. புது ஸ்ப்ரூஸ் டாப் வருஷம் போகப் போக மாறும்னு வாசிக்கிறவங்கள்ல பாதிப் பேர் சத்தியம் பண்ணுவாங்க, டாப்பை முன்கூட்டியே காத்தில்லாம சூடுபண்ணி முதுமையாக்குற டாரிஃபைடு முறையும் அதுக்காகத்தான் வந்துச்சு. ஆனா இன்னைக்குப் பிடிக்காத டோன் அஞ்சு வருஷம் கழிச்சுப் பிடிக்கும்னு நம்பி யாரும் பணத்தைப் போடாதீங்க. அதைவிட ஈரப்பதம் நிஜமா உடனே தெரியுற விஷயம், 45லேர்ந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா சரி, காத்துல ஈரம் ஏறினா டாப் ஊறி மந்தமா பேசும், ரொம்பக் காஞ்சா சுருக்குனு ஆகி வெடிக்கவும் செய்யும். முடிஞ்சா வேற வேற நாள்ல போய் அதே கிட்டாரை மறுபடி கேளுங்க.

பெரிய ஆளுங்க வாசிச்ச கிட்டாரையே தேடிப் போறது பத்தி எனக்கு ரெண்டு மனசு. ப்ளூகிராஸ் கலைஞர் டோனி ரைஸ் வாசிச்சது இன்னொரு கிட்டார் கலைஞர் கிளாரன்ஸ் வைட்கிட்ட இருந்த 1935 மார்ட்டின் டி 28, சவுண்ட்ஹோலைப் பெருசா அறுத்துவிட்டது, அதையே அளவெடுத்து செஞ்ச மாடலெல்லாம் கெடைக்குது, நல்ல கிட்டார்தான், ஆனா அந்த டோன்ல பாதி அவரோட மணிக்கட்டுல இருந்துச்சு. பாடகர் வில்லி நெல்சன் கதை இன்னும் வேடிக்கை, டிரிகர்னு அவர் பேர் வச்ச கிட்டார் 1969ல வாங்கின மார்ட்டின் என் 20, நைலான் ஸ்ட்ரிங் கிளாசிக்கல் கிட்டார், அதுல பிக் வச்சு அடிச்சு அடிச்சு டாப்ல இன்னொரு ஓட்டையே விழுந்திருச்சு. எந்தக் கடைக்காரரும் அவருக்கு அதை சிபாரிசு பண்ணியிருக்க மாட்டார். அந்த மூக்கடைச்ச, ட்ரையான டோன் இல்லாம அவர் குரலை நெனைச்சுப் பார்க்க முடியுமா?

இதெல்லாம் பாடிக்கிட்டே வாசிக்கிற ஒருத்தன் சொல்றது. பாட்டு இல்லாம கிட்டாரை மட்டும் தனியா வாசிக்கிறவங்க இதை அப்படியே கவுத்துப் போட்டுக்கலாம், அவங்களுக்கு அந்தக் காலி எடத்தை நிரப்ப ஓவர்டோன் வேணும், டேட்காட் (DADGAD) மாதிரி டியூனிங்ல ஓப்பன் ஸ்ட்ரிங் நீளமா நிக்கணும், நான் வேண்டாம்னு திருப்பிக் குடுக்குற கிட்டார்தான் அவங்க கேக்குறது. சீடர் டாப் ரோஸ்வுட் பாடி லோடன் ஒண்ணு கெடைச்சா அதுலேர்ந்து ஆரம்பிங்க, நகம் வச்சு வாசிக்கிறவங்களா இருந்தா பக்கத்துல ஒரு ஸ்ப்ரூஸ் டாப்பையும் வச்சுக்கிட்டு மாத்தி மாத்திக் கேளுங்க, சீடர்ல நகத்தோட சத்தம் கொஞ்சம் மழுங்கித்தான் வரும்.